என் கை பட்ட பன்னிரண்டு லிட்டர்

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் கிரைண்டர் பெல்ட் அறுந்தது. இந்த மாதத்தில் இது இரண்டாவது முறை. பெல்ட் வாங்க அண்ணன் போக மாட்டான். மாவு பாக்கெட்டில் மட்டும் அவன் பேர் போகும், 'ஸ்ரீ அரி இட்லி மாவு' என்று. அரிசி ஊறவைப்பது நான், ஆட்டுவது நான், கரைப்பது நான், ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு சாரத்திலிருந்து லாஸ்பேட்டை வரை கடை கடையாகப் போடுவதும் நான். பேர் அரிகிருஷ்ணனுடையது. சிவசங்கரி என்று ஒருத்தி இருப்பது பாக்கெட் வாங்குகிற எவருக்கும் தெரியாது. பதினோரு வருஷமாக இதையே எழுதி எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் எழுதுவேன்.

இன்று இன்னொன்றும் எழுத இருக்கிறது.

ஒயிட் டவுனில் புருஷோத்தமன் சார் ரெஸ்டாரன்ட்டுக்கு மாவு கொண்டுபோனேன். சொல்தா குடும்பம், அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள். பிறந்தது இங்கே, வளர்ந்தது பிரான்சில், நாற்பது வயதில் திரும்பி வந்து டூரிஸ்ட்டுகளுக்குத் தோசை போடுகிறார். பின்கட்டில் ஆள் உயரத்துக்கு மூன்று ஸ்டீல் தொட்டிகள் வந்து இறங்கியிருந்தன. பால் பண்ணை வைக்கப்போறீங்களா சார் என்று கேட்டேன். பீர் காய்ச்சப்போகிறாராம். லைசென்ஸுக்கு எழுதிப்போட்டிருக்கிறாராம். காய்ச்சுவதற்குப் பெங்களூரிலிருந்து வினோத்குமார் என்று ஒருவர் வருகிறாராம். அவருக்கு உதவியாக ஒரு ஆள் வேண்டுமாம்.

"பொங்க வைக்கிற வேலைதானே சார். நான் வரேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. "இது இட்லி மாவு இல்லக்கா, சயின்ஸ். உங்களுக்கு வேணும்னா பாட்டில் கழுவுற வேலை இருக்கு" என்றார்.

அலமாரி மேல் ஒரு பெட்டி இருந்தது. வீட்டிலேயே பீர் செய்து பார்க்கிற பெட்டி, பெல்ஜியத்துப் பண்ணை பீர் என்று சொன்னார். அங்கே வெயில் காலத்தில் வயலில் வேலை செய்கிறவர்களுக்காகப் பண்ணை வீட்டிலேயே காய்ச்சுவார்களாம், பேர் சேசோன். இரண்டு பெட்டி வாங்கி அவரே செய்து பார்த்து, இரண்டையும் சாக்கடையில் ஊற்றியிருக்கிறார். நம்ம ஊர் சூட்டுக்கு ஒத்து வராதுக்கா என்றார்.

"மூணாவத என்கிட்ட குடுங்க. குடிக்கிற மாதிரி வந்தா அந்த உதவியாள் வேலை எனக்கு."

"வரலன்னா?"

"வரலன்னா இந்தப் பேச்ச மறந்துடுறேன். பாட்டில் கழுவவும் வர மாட்டேன்."

எதற்கு இவ்வளவு ரோஷம்? நானே கேட்டுக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு வயதாகிறது. ஒரு பொருளாவது இதை சிவசங்கரி செய்தாள் என்று வெளியே போக வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 18, வெள்ளி

பெல்ட்டை நானே வாங்கி மாட்டினேன். பாட்டில் கழுவுற வேலையாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. மூடி போட்ட பெரிய பக்கெட், அடியில் குழாய். மால்ட் பாகு ஒரு டின், வெல்லப்பாகு போலவே கெட்டியாக இருக்கிறது. மாட்டுத் தீவனம் போல் பச்சைத் துண்டுகள் ஒரு பொட்டலம், அதற்கு ஹாப்ஸ் என்று பேர், முகர்ந்தால் மூக்கிலேயே கசக்கிறது. ஈஸ்ட் ஒரு சின்னப் பொட்டலம். பாத்திரங்களைக் கிருமி இல்லாமல் கழுவ ஒரு பவுடர். மூடியின் ஓட்டையில் செருக ஒரு வளைந்த குழாய். அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

விளக்கத் தாள் பிரெஞ்சில் இருக்கிறது. போன் கேமராவைக் காட்டினால் தமிழாக மாறுகிறது, பாதி உளறல். 'உங்கள் பருவகாலத் திரவத்தை மதியுங்கள்' என்கிறது. மதிக்கிறேன், மேலே சொல்லு. ஆனால் ஒரு வரியை நாலு தடவை படித்தேன். இந்த ஈஸ்ட்டுக்கு முப்பதிலிருந்து முப்பத்தைந்து டிகிரி சூடு பிடிக்குமாம்.

சார் எங்கே வைத்துக் கெடுத்தார் என்று போனில் கேட்டேன். ஏசி ரூமில். பீர் என்றால் குளிர்ச்சியில்தான் வளரும் என்று நினைத்துவிட்டார். ஏசி ரூமில் வைத்தால் என் மாவே பொங்காதே.

சாயங்காலம் அண்ணன் பார்த்துவிட்டான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் குரல் போன உயரத்துக்குப் பக்கத்து வீட்டு டிவி சத்தம் நின்றது.

"உன் புருஷன் அம்மாவாசை குடிச்சே செத்தான். குடியால தாலிய எறக்குனவ வூட்ல உக்காந்து பீர் காய்ச்சுறியா? போலீஸ் வந்தா யாரு பதில் சொல்றது?"

போலீஸ் விஷயத்தைச் சாரிடம் ஏற்கெனவே கேட்டேன். விற்காத வரைக்கும் ஒன்றும் ஆகாது என்றார். அது எவ்வளவு சரியோ எனக்குத் தெரியாது. நான் விற்கப்போவதில்லை. என் புருஷன் எப்படிச் செத்தார் என்று எனக்கு இவன் சொல்ல வேண்டியதில்லை. தெரு முனையில் ஒயின் ஷாப் திறந்த அன்றைக்குப் பூமாலை வாங்கிக்கொண்டு போனவன் இவன்.

அண்ணி மாலா இரண்டு பேருக்கும் டீ வைத்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காய்ச்சியாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகும்.

பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்தேன். பக்கெட், கரண்டி, குழாய், மூடி, வடிகட்டி எல்லாவற்றையும் பவுடர் தண்ணீரில் ஊறவைத்தேன். பொங்கல் வைக்கிற பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்தது. பாகை ஊற்றி, அடிபிடிக்காமல் கிளறி, ஹாப்ஸைப் போட்டேன். வீடு முழுக்க வேப்பம்பூ வறுக்கிற நெடி. ஒரு மணி நேரம் கொதித்த பிறகு ஐஸ் கட்டி நிரப்பிய தொட்டியில் அண்டாவை இறக்கினேன். வாங்கின ஐஸ் பத்தவில்லை. ஆறினவரைக்கும் போதும் என்று பன்னிரண்டு லிட்டரையும் பக்கெட்டில் வடித்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்தக் காரியம்.

அடியில் பாகு தங்கியிருக்குமே, நன்றாகக் கலக்க வேண்டுமே என்று முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து சுழற்றிக் கலக்கினேன். கை பொறுக்கும் சூடு. பாட்டுக்கூடப் பாடினேன். மாவைக் கரண்டியால் கலக்கினால் பொங்காது, கை படணும். பதினோரு வருஷமாகத் தினமும் சாயங்காலம் செய்கிற வேலை. யாராவது தூங்குகிறவளை எழுப்பிக் கரைக்கச் சொன்னாலும் கரைப்பேன்.

கையை வெளியே எடுத்து முழங்கையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். பவுடர் தண்ணீரில் கரண்டி மிதந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஊறவைத்தேன், என் கையை மட்டும் ஊறவைக்கவில்லை. அரிசியும் உளுந்தும் கரைத்த கை. எத்தனை கழுவினாலும் மாவு வாசம் போகாத கை.

தூ. பாட்டு வேறு.

சூடு இறங்காததால் ஈஸ்ட் இன்னும் போடவில்லை. காலையில்தான் போட வேண்டும். இதைச் சாரிடம் சொல்லலாமா? இப்போது சொல்ல மாட்டேன். கெட்டால் கெடட்டும், கெட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 28, திங்கள்

காலை ஆறு மணிக்கு ஈஸ்ட் தூவினேன். சாயங்காலம் மாவு போட்டுவிட்டுத் திரும்பினால் குழாயில் குமிழி வந்துகொண்டிருந்தது, பளக் பளக் என்று. நான் வருவதற்கு முன்னால் அண்ணி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சும்மாதான்" என்றாள்.

ஏப்ரல் 30, புதன்

அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டான். "நாளைக்குக் காலையில பக்கெட்டு வெளிய போவணும். இல்லன்னா நானே எடுத்துச் சாக்கடையில கவுத்துருவேன்."

"சரிண்ணே" என்றேன். அவனுக்கே ஆச்சரியம்.

"பக்கெட்டு போனா நானும் கிரைண்டர் பக்கம் போவ மாட்டேன். பாக்கெட்டுல உன் பேருதானே இருக்குது, நீயே ஆட்டிக்கோ."

"பெரிய வித்தை பாரு. அரிசியையும் உளுந்தையும் போட்டு சுவிட்சப் போட்டா கிரைண்டர் ஆட்டப்போவுது" என்றான்.

பக்கெட்டைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். அது என் அறைக்குப் போகிற வழி. அதைத் தாண்டி அவன் கையை நீட்டினால் பிறகு நடப்பது வேறு.

மே 1, வியாழன்

வேலை நிறுத்தம். எல்லா ஊரிலும் இன்று லீவுதான். மத்தியானம் வரைக்கும் தூங்கினேன்.

மே 2, வெள்ளி

கீழே கிரைண்டர் ஓடுகிற சத்தமே சரியில்லை. பச்சைத் தண்ணீர் விட்டு ஆட்டுகிறான். இந்த வெயிலில் ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும், இல்லாவிட்டால் கல் சூடாகி மாவு அங்கேயே புளிக்க ஆரம்பித்துவிடும். போய்ச் சொல்லலாமா என்று படி வரைக்கும் வந்தேன். திரும்பிவிட்டேன்.

மே 3, சனி

இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

பாக்கெட்டெல்லாம் கடையிலேயே பலூன் போல் உப்பியிருக்கிறது. லாஸ்பேட்டையில் ஒரு கடையில் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இரண்டு வெடித்து, பால் பாக்கெட் மேலெல்லாம் மாவாம். கடைக்காரர்கள் வரிசையாக அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார்கள். ஒருவர், "அக்கா ஊருல இல்லீங்களா?" என்று கேட்டாராம். இதை அண்ணன் சொல்லவில்லை, அண்ணிதான் வந்து சொன்னாள். சொல்லும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அக்கா என்று ஒருத்தி இருப்பது கடைக்காரர்களுக்காவது தெரிந்திருக்கிறது.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். அண்ணன் படியில் வந்து நின்றான். பக்கெட்டைப் பார்த்தான், குமிழியைப் பார்த்தான். "நாளைக்கு அரிசி எவ்ளோ ஊற வைக்கணும்?" என்று கேட்டான். அதுதான் அவன் மன்னிப்பு, அதற்கு மேல் அவனுக்கு வராது.

எழுந்து போய் அரிசி களைந்தேன். பக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மே 14, புதன்

குமிழி நின்று மூன்று நாள் ஆகிறது. இன்று பாட்டிலில் பிடித்தேன். சார் ரெஸ்டாரன்ட்டில் காலி பாட்டிலும் மூடி அழுத்துகிற கருவியும் கொடுத்தார். ஆக, பாட்டில் கழுவினேன். எனக்காகக் கழுவினேன், அது வேறு. பாட்டிலுக்குள்ளும் பொங்கி நுரை பிடிக்க ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சர்க்கரை. பதினேழு பாட்டில் வந்தது.

பக்கெட் அடியில் வெள்ளையாகக் கொழகொழவென்று வண்டல் தங்கியிருந்தது. குழாயடிக்குக் கொண்டுபோனவள், கொட்டப் பிடிக்காமல் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொதிநீரில் போட்டெடுத்து அதில் வழித்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்து வைப்பது போல. மழைக் காலத்தில் புது மாவு பொங்க மறுத்தால் அதுதான் உறை. இதற்கு எதற்கு என்றால் எனக்குத் தெரியாது. கொட்ட மனசு வரவில்லை.

பிறகு ஒரு டம்ளரில் பிடித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பயம் வேறொன்றும் இல்லை. அவர் வாசம் வருமோ என்றுதான். சாராயக் கடையிலிருந்து வந்து கதவைத் தட்டும்போதே, கதவு திறப்பதற்கு முன்னாலேயே, எனக்கு வந்துவிடும் வாசம். பதினோரு வருஷம் ஆகியும் தெரு முனையைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன். நான் எந்த முகத்தோடு இதைக் காய்ச்சுகிறேன்? அண்ணன் கத்தினானே, அவன் சொன்னதில் ஒன்றுமே இல்லையா?

முகர்ந்தேன். அவர் வாசம் இல்லை. ஆரஞ்சுத் தோல், மிளகு, அடியில் புளித்த மாவு. ஒரு வாய் குடித்தேன். கசப்பு முதலில் வந்தது, பின்னால் புளிப்பு. அந்தப் புளிப்பு எனக்குத் தெரிந்த புளிப்பு. என் கை.

புளிக்கக் கூடாது என்று தாளில் போட்டிருக்கிறது. பீர் புளித்தால் கெட்டது என்று அர்த்தம். அழுகை வந்தது. அவர் நினைவுக்கா, பீர் கெட்டதற்கா என்று கேட்டால் தெரியாது. இரண்டுக்கும்தான்.

ஆனால் டம்ளர் காலி. அதையும் எழுதிவிடுகிறேன்.

மே 29, வியாழன்

பகல் மூன்று மணி. நான் அரிசி களைந்துகொண்டிருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே டமார். தீபாவளி வெடி போல. ஒரு நிமிஷம் விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அண்ணி கூடத்தின் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், படியெல்லாம் நுரையும் கண்ணாடியும். தெருவே வாசலில் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் என்று நினைத்துவிட்டார்கள்.

அண்ணன் டீக்கடையிலிருந்து ஓடி வந்தான். நான் என்ன எதிர்பார்த்தேனோ அது நடக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தான், நுரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என் மாவு பாக்கெட்டு வெடிச்சதுக்குச் சிரிச்சியே" என்றான். அவ்வளவுதான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, சோடா பாட்டிலு. போங்க போங்க" என்று விரட்டினான்.

நானும் அண்ணியும் கோணிச் சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மீதிப் பதினான்கு பாட்டிலின் மூடியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, காற்றை இறக்கி, மறுபடி அழுத்தினோம். அண்ணி ஒரு மூடியைக்கூட நழுவ விடவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பெண்பிள்ளையைச் சாது என்று நினைத்திருக்கிறேன்.

சர்க்கரை போட்டதோடு உள்ளே இருக்கிற புளிப்பும் சேர்ந்து பொங்கியிருக்கிறது. அடுத்த முறை சர்க்கரை பாதி. அடுத்த முறையாம். எனக்கு இருக்கிற திமிர்.

ஜூன் 4, புதன்

நான்கு பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வினோத்குமார் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார். முப்பது வயதுதான் இருக்கும், வேலூர்க்காரர், மரியாதையான ஆள். மேடம், மேடம் என்கிறார்.

மூன்று கிளாஸில் ஊற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் வைத்துக்கொண்டு யோசித்தார். "புளிப்பு இருக்கு மேடம். எங்கியோ சுத்தம் பத்தல. கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லணும்."

மறைக்கப் பிடிக்கவில்லை. "கைய வுட்டுக் கலக்கிட்டேன் சார். மாவு கரைக்கிற பழக்கம்" என்றேன்.

இரண்டு பேரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

புருஷோத்தமன் சார் அதற்குள் கிளாஸைக் காலி செய்திருந்தார். அவரே எடுத்து இன்னொன்று ஊற்றிக்கொண்டார். "ஆனா நல்லாருக்கே" என்றார்.

"நல்லாருக்கு சார், நான் இல்லன்னு சொல்லல" என்றார் வினோத்குமார். "பெல்ஜியத்துலகூட இந்த மாதிரிப் புளிப்பா செய்யுறவங்க இருக்காங்க. ஆனா அவங்க தெரிஞ்சு செய்யுறாங்க. இது லாட்டரி. மறுபடி இதே மாதிரி வராது. வராத ஒண்ண கடையில விக்க முடியாது."

அவர் சொன்னது நியாயம். சார் என்னைப் பார்த்து, "ஹால்ல கெஸ்ட்டுக்கு ஊத்தி, இதப்பத்திப் பேசுற வேலை ஒண்ணு தரேன்க்கா. நீங்க நல்லா பேசுவீங்க" என்றார்.

பாட்டில் கழுவுவதிலிருந்து கிளாஸில் ஊற்றுவது வரைக்கும் முன்னேறிவிட்டேன். "வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியில் ஏறின பிறகுதான் ஐஸ் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

ஜூன் 5, வியாழன்

மறுபடி இதே மாதிரி வராது. மறுபடி இதே மாதிரி வராது. காலையிலிருந்து இதேதான். யார் சொன்னார்கள் வராது என்று? பதினோரு வருஷமாக என் மாவு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதானே வருகிறது? அது எப்படி வருகிறது? மழையிலும் வெயிலிலும், புது அரிசியிலும் பழைய அரிசியிலும்?

கொத்தமல்லி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவில், புளிக்காய்ச்சலுக்கும் நெய்க்கும் நடுவில், ஊறுகாய் பாட்டில்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி பயந்துபோய் ஓடி வந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

சாரிடம் போய் இன்னொரு பெட்டி கேட்டேன். வரவழைத்து வைத்திருந்தார், ஏன் என்று கேட்கவில்லை. என் ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார், உள்ளே இருந்த பாட்டில் எல்லாம் காலி.

இன்று காய்ச்சினேன். இந்த முறை ஐஸ் தாராளம், கரண்டியை ஊறவைத்தேன், கரண்டியால்தான் கலக்கினேன். பழக்கத்தில் கை உயர்ந்தபோது அண்ணி மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். ஊறுகாய் பாட்டிலில் இருந்ததில் பாதியை ஊற்றினேன், மீதி மறுபடி ஃப்ரிட்ஜுக்குப் போனது. பெட்டியில் வந்த ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

குமிழி இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

குமிழி இல்லை. கரண்டி போட்டதாலா? ஃப்ரிட்ஜில் இருந்து செத்துவிட்டதா? பொட்டலத்தைப் பிரித்துப் போட்டுவிடலாமா? போட்டால் பீர் வரும். ஆனால் அது அந்தப் பொட்டலத்தின் பீர். போட மாட்டேன். வீணானால் வீணாகட்டும்.

ஜூன் 11, புதன்

காலையில் அண்ணன் படியிலிருந்து கூப்பிட்டான். "ஏ சங்கரி, உன் பக்கெட்டு சத்தம் போடுது."

ஜூன் 28, சனி

பாட்டிலில் பிடித்தாயிற்று. சர்க்கரை பாதி. இந்த முறை வண்டலை எடுத்து வைக்க மறக்கவில்லை, இரண்டு பாட்டில். ருசி பார்க்கவில்லை. தைரியம் இல்லை என்றுதான் எழுத வேண்டும்.

ஜூலை 16, புதன்

முந்தாநாள் பதினாலாம் தேதி பிரெஞ்சு தேசிய தின விழா முடிந்து ரெஸ்டாரன்ட் வாசலில் நீலம் வெள்ளை சிவப்புக் காகிதங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய பாட்டில் ஒன்று மிச்சம் வைத்திருந்தேன். அதையும் புதிதையும் கொண்டுபோனேன். அண்ணியும் கூட வந்தாள், புதுப்புடவை கட்டிக்கொண்டு.

எது பழசு, எது புதுசு என்று நான் சொல்லவில்லை. இரண்டு கிளாஸ் வைத்தேன். வினோத்குமார் இதைக் குடித்தார், தண்ணீர் குடித்தார், அதைக் குடித்தார். மறுபடி முதலிலிருந்து. நேரம் போய்க்கொண்டே இருந்தது, நான் மேஜை மேலிருந்த உப்பு டப்பாவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"இதுல மிளகு வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. மத்தபடி ஒண்ணுதான். ரெண்டும் ஒரே பேட்ச்சா?"

புடவைக்குள் செருகியிருந்த ஈஸ்ட் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் போட்டேன். பிரிக்காத பொட்டலம். பக்கத்தில் ஊறுகாய் பாட்டிலை வைத்தேன்.

"ரெண்டாவது போன மாசம் காய்ச்சுனது சார். மாவுக்கு எடுத்து வைக்கிற மாதிரி, மொதல் பக்கெட்டு அடியிலேர்ந்து எடுத்து வச்ச ஒறை. இது உசுரோட இருக்குற வரைக்கும் எத்தன தடவ வேணும்னாலும் வரும்."

அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். 'ஆவக்காய்' என்று லேபிள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "நான் தப்பா சொல்லிட்டேன் மேடம்" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆண்பிள்ளை என்னிடம் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

சார் அந்தப் பாட்டிலுக்குக் கை நீட்டினார். "இதப் பத்திரமா இங்க வச்சுக்கலாம்க்கா, எங்க ஃப்ரிட்ஜ் பெருசு."

"நான் எங்க இருக்கேனோ அது அங்க இருக்கும் சார்" என்று எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அண்ணி அதற்குள் இரண்டாவது கிளாஸில் இருந்தாள். அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

லைசென்ஸ் வந்ததும் அந்த உதவியாள் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார் சார். மாவு வேலையை அண்ணிக்குக் கொடுத்துவிட்டேன். ஐஸ் தண்ணீர், உப்புப் போடும் நேரம், கை, எல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. புதுப் பாக்கெட் அச்சடித்து வந்திருக்கிறது. 'மாலா இட்லி மாவு'. அண்ணன் இரண்டு நாளாக உம்மென்று இருக்கிறான். இன்று கிரைண்டர் பெல்ட் அறுந்தது. அவனே போய் வாங்கி வந்தான்.

செப்டம்பர் 3, புதன்

லைசென்ஸ் வந்துவிட்டது. இன்று பெரிய தொட்டியில் முதல் முறை.

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். தெரு முனையைத் தாண்டும்போது மூச்சை அடக்க மறந்துவிட்டேன். நேரு வீதி வந்த பிறகுதான் அது உறைத்தது.

சுவரில் ஒரு பதிவேடு மாட்டியிருக்கிறார்கள். தேதி, சூடு, அளவு, கடைசிக் கட்டத்தில் 'காய்ச்சியவர்'. வினோத்குமார் மற்றதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினார். சிவசங்கரி என்று எழுதினேன். எழுத்து கோணலாகப் போய்விட்டது.

பிறகு கையுறைப் பெட்டியை எடுத்துவந்து, கொஞ்சம் சங்கடத்தோடு, "மேடம், ரூல்ஸ். உள்ள கை போகக் கூடாது" என்றார்.

"போவாது சார்" என்றேன். இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டேன், முழங்கை வரைக்கும் இழுத்துவிட்டேன். ஏணியில் ஏறி, ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, தொட்டிக்குள் ஊற்றினேன்.